பதினாலாம் நம்பரின் பூஜ்யங்கள்

குவாலா சிலாங்கூர்
3.3.1986

மதிப்பிற்குரிய அம்சவள்ளி அவர்களுக்கு,

வணக்கம். நான் பத்தாங் பெர்ஜுந்தாய் ஆல்டன் ரப்பர்த் தோட்டத்தில் கிராணியாகக் கணக்கு எழுதிய கார்த்திகேசு. என்னை உங்களுக்கு நினைவிருக்குமோ என்றும் பயம், நினைவில்லாமல் போயிருக்குமோ என்றும் பயம். ஓய்வு பெற்று ஏழு ஆண்டுகள் ஆகின்றன. மகள் வீட்டில் இருக்கிறேன். சுங்கை பெசாரில் நீங்களும் உங்கள் கணவர் சேதுவும் புத்தகக்கடை வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கடை முகவரிக்கே எழுதுகிறேன்.

காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். தோட்ட ஆபீசுக்கு இந்த ஆண்டு ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது, மேசை மேல் வைக்கிற அளவில். அதையொட்டி ஊழியர்கள் ஒரு மலர் போடுகிறார்கள். 'நம் தோட்டமும் கம்ப்யூட்டரும்' என்று ஒரு கட்டுரை எழுதித் தரும்படி மேனேஜர் தனபாலன் என்னைக் கேட்டார். மலர் ஆங்கிலத்தில் வருகிறது. நான் எழுதியதன் சாரம் இது:

"1967-இல் கோலாலம்பூர்த் தலைமை அலுவலகம் ஒரு கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்தது. அதற்குப் புரோகிராம் எழுதப் பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்த மூவரும் பெண்கள்: மிஸ் ஓங், கங்கா, அம்சவள்ளி. அம்சவள்ளி நம் தோட்டத்துப் பால்மரத் தொழிலாளி ஐயாவுவின் மகள். தோட்டத்தின் எந்த நிலத்தில் மரங்கள் அதிகம் பால் தருகின்றன என்று கண்டறியும் புரோகிராமை எழுதியவர் அவரே."

இதோடு நின்றுவிட்டேன். அதற்கு மேல் பேனா நகரவில்லை. தகவல்களைச் சரிபார்த்துத் தரமுடியுமா? இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

தங்கள் உண்மையுள்ள,
ஆ. கார்த்திகேசு


சுங்கை பெசார்
14.3.1986

கார்த்திகேசு ஐயா அவர்களுக்கு,

தகவல்கள் சரி. ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். பரீட்சைக்குப் பதினோரு பேர் வந்தோம், அதில் நான்கு பேர் ஆண்கள். டைப்பிஸ்டுகள் அறைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும் என்றதும் அந்த நால்வரும் போய்விட்டார்கள். அந்த வேலைக்கு ஒரு மதிப்பு வந்த பிறகு திரும்பி வந்தார்கள்.

என் பெயரை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் ஏன் அந்த வரியோடு நின்றீர்கள் என்று எனக்குத் தெரியும். அடுத்த வரியை நானே எழுதுகிறேன். 1969-இல் அந்தப் புரோகிராம், தோட்டத்திலேயே மோசமான நிலம் பதினாலாம் நம்பர் என்று சொன்னது. பதினாலாம் நம்பரை வெட்டிச் சாய்த்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டார்கள். மறுவருடம் யாரோ பால் கொட்டகையில் வேலையை மேற்பார்த்த மண்டோர் எழுதி வைத்த பழைய நோட்டை எடுத்துப் பார்த்தால், அதிகம் பால் தந்ததே பதினாலாம் நம்பர்தான். புரோகிராம் தவறு, எழுதியவள் தவறு என்று முடிவாயிற்று. நான் வேலையை விட்டேன். அங்கே மரம் சீவிய முப்பத்தெட்டுப் பேரும் சிதறினார்கள். குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த மூன்று குடும்பங்கள் இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டன.

அந்த முப்பத்தெட்டுப் பேரில் என் அப்பாவும் ஒருவர். "ஒம் பொட்டி எம் மரத்தத் தின்னுடுச்சு" என்றார். பதினாறு வருடமாக அவர் என் வீட்டுப் படி ஏறவில்லை. என் கல்யாணத்துக்கும் வரவில்லை.

புரோகிராமின் பிரதி என்னிடம் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் பள்ளி விடுமுறையில் கடையில் கூட்டம் குறைந்ததும் எடுத்துப் படிப்பேன். வரிவரியாகப் படித்தும் இதுவரை தவறு அகப்படவில்லை. கடையைப் பூட்டினால் மூன்று முறை திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறேன். கங்கா பெர்த்தில் ஒரு மருத்துவமனைக்குப் புரோகிராம் எழுதுகிறாளாம். என் தவறு எங்கே இருக்கிறது என்று தெரியாமலே நான் செத்துப்போவேன் போலிருக்கிறது.

பெயரை எடுத்துவிடுங்கள்.

அம்சவள்ளி


குவாலா சிலாங்கூர்
22.3.1986

அன்புள்ள அம்சவள்ளி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. மேசையில் வைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

உங்கள் புரோகிராமில் தவறு இல்லை. தவறு நான் நிரப்பிய தாள்களில் இருந்தது.

ஒழுங்காகச் சொல்கிறேன். தலைமை அலுவலகம் கட்டம் போட்ட தாள்களை அனுப்பியது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நாளுக்கு ஒரு கட்டம். அன்று வந்த பாலின் எடையை அதில் எழுதவேண்டும். மரம் சீவாத நாளுக்குக் கட்டத்தை வெறுமையாக விடவேண்டும் என்று தாளின் தலைப்பில் இருந்தது. நான் படித்தேன். ஆனாலும் பூஜ்யம் போட்டேன்.

1938-இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பெரிய கிராணி நாராயணசாமி எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: "வெறுங் கட்டத்தை விட்டியோ, நாளைக்கு இன்னொருத்தன் உன்ர பேரில அதுக்குள்ள எழுதிப்போடுவான்." அன்று முதல் நான் ஒரு கட்டத்தையும் வெறுமையாக விட்டவனில்லை. கோடாவது போடுவேன், பூஜ்யமாவது போடுவேன். மற்ற டிவிஷன் கிராணிமார் சோம்பேறிகள், அவர்கள் வெறுமையாக விட்டார்கள். அவர்கள் சோம்பல் சரியாகவும் என் ஒழுங்கு பிழையாகவும் போயிற்று.

பதினாலாம் நம்பர் ஆற்றோரப் பள்ளம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். அப்போது ஆட்களை வேறு பக்கம் புல்வெட்ட அனுப்பிவிடுவோம். மூன்று ஆண்டில் அப்படிப்பட்ட நாட்கள் இருநூறுக்கு மேல். உங்கள் புரோகிராம் அத்தனையையும் 'மரம் சீவினார்கள், ஒரு சொட்டும் வரவில்லை' என்று எடுத்துக்கொண்டு சராசரி போட்டது. அது செய்தது சரி.

மரங்கள் விழுந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. அப்போது காலம் கடந்துவிட்டது. என்னை மன்னிக்க வேண்டும்.

ஆ. கார்த்திகேசு


சுங்கை பெசார்
2.4.1986

கார்த்திகேசு ஐயாவுக்கு,

இத்துடன் ஒரு கடிதத்தின் பிரதி வைத்திருக்கிறேன். அசல் என்னிடம் இருக்கிறது. தேதி 17.2.1969, கையெழுத்து உங்களுடையது. நினைவில்லை என்றால் படித்துப் பாருங்கள்:

"பதினாலாம் நம்பரில் பூஜ்யம் இட்டுள்ள நாட்கள் குறித்துக் கேட்டிருந்தீர்கள். அந்நாட்களில் மரங்கள் சீவப்பட்டன. பின்னர் பெய்த மழையில் பால் கழுவிப் போயிற்று. ஆகவே பூஜ்யம் சரியே."

ஐயா, நான் தோட்டத்தில் பிறந்தவள். பதினாலாம் நம்பரில் பால் ஊற்றும் என்று அப்பா சொல்லக் கேட்டு வளர்ந்தவள். மெஷின் வேறு விதமாகச் சொன்னதும் நான் மெஷினை நம்பவில்லை. உங்களைக் கேட்டேன். சீவின பிறகு மழை வந்தால் பால் கழுவிப் போவது எனக்கும் தெரியும். சின்ன வயதில் அப்பா வெறும் வாளியோடு வீட்டுக்கு வந்த நாட்கள் உண்டு. அதனால் நீங்கள் எழுதியதை நம்பினேன்.

பிறகு என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். விசாரணையில் இதே கடிதத்தை அதிகாரி என் முன்னால் வைத்தார். "கிராணி முப்பது வருஷ சர்வீஸ். கையெழுத்துப் போட்டுச் சொல்லியிருக்கார். அப்போ தாள் சரி, மெஷினும் சரி. மிச்சம் யாரும்மா?" என்று கேட்டார். என்னைத் தவிர மிச்சம் யாரும் இல்லை.

மரங்கள் விழுந்த பிறகுதான் உறைத்தது என்கிறீர்கள். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். 17.2.1969 அன்று, இதை எழுதும்போது, பொய் என்று தெரிந்து எழுதினீர்களா?

ஆம், இல்லை இரண்டில் ஒன்று போதும். மெஷினுக்கும் அவ்வளவுதான் தேவைப்படும்.

அம்சவள்ளி


குவாலா சிலாங்கூர்
19.4.1986

அம்சவள்ளி அவர்களுக்கு,

ஆம்.

இந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி மடித்து, உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு பிரித்தேன். நீங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் போன கடிதத்திலும் பாதியை மறைத்தவன் நான். இந்த முறையும் சுருக்கமாக நிறுத்தினால் அதுவும் ஒருவகை ஒளிப்பு.

உங்கள் கேள்வி வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. மூன்று ஆண்டுத் தாள்கள். திரும்ப எழுதுவதென்றால் இரண்டு வார வேலை, அதற்கு நான் அஞ்சவில்லை. தாளின் தலைப்பைப் படித்தும் அதன்படி செய்யவில்லை என்று துரையிடம் சொல்லவேண்டி வரும். அந்த மாதம்தான் பெரிய கிராணி பதவிக்கு என் பெயர் போயிருந்தது. ஒரு பிழையும் இல்லாத கிராணி என்று துரை எழுதியிருந்தார். அந்த வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் எழுதினேன். வெட்டுவார்கள் என்று அப்போது நினைக்கவில்லை. நினைத்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேனா என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். எழுதியிருப்பேன் என்று சொல்லத் துணிவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வெட்ட உத்தரவு வந்ததும் பதினாலாம் நம்பர் ஆட்கள் ஆபீஸ் வாசலுக்கு வந்தார்கள். உங்கள் தந்தைதான் முன்னால் நின்றார். "கிராணி ஐயா, எங்க நம்பர்ல பால் ஊத்துதுய்யா. வாளி பத்தல. நீங்கதானே எடை எழுதுறீங்க, துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். நான் நாற்காலியிலிருந்து எழவில்லை. "மெஷின் பொய் சொல்லாது, ஐயாவு. உன்ர மகள் எழுதின மெஷின்தானே" என்றேன்.

அவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். உங்கள் மேல் அவருக்கு வந்த கோபத்தை அவர் கையில் கொடுத்தவன் நான்.

ஜூலையில் பெரிய கிராணி ஆனேன். பத்து ஆண்டு அந்த நாற்காலியில் இருந்தேன்.

மலரில் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். தனபாலனிடம் சொல்லிவிட்டேன். வேறு என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள், செய்கிறேன். எனக்காக யோசிக்கத் தெரியவில்லை.

கார்த்திகேசு


சுங்கை பெசார்
27.4.1986

ஐயா,

உங்கள் கடிதத்தை என் கணவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னேன். தலைத்துண்டு வரை வந்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டேன்.

பிறகு புரோகிராமோடு சேர்த்து வைத்திருந்த பழைய எடைத் தாள்களின் பிரதிகளை எடுத்தேன். பதினாலாம் நம்பரின் பூஜ்யங்களை எல்லாம் பென்சிலால் அடித்தேன். மிச்சத்தைக் கையால் கூட்டி வகுத்தேன். பதினாலாம் நம்பர் முதலில் வந்தது. இரண்டாவதாக வந்த நிலம் வெகுதூரம் பின்னால். இதற்கு எனக்கு ஒரு மாலைப் பொழுது ஆயிற்று. பதினாறு வருடம் தப்பான தாளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மலரில் எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை ஆபீஸ்காரர்கள் படிப்பார்கள். தொழிலாளர் லயத்தில் யார் ஆங்கிலம் படிக்கப் போகிறார்கள்? என் அப்பாவுக்குத் தமிழே கையெழுத்துப் போடுகிற அளவுதான். நானே போய்ச் சொல்லலாம். மகள் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்கிறாள் என்பார்கள். நான் ஒருமுறை அப்பாவிடம் சொல்லிப் பார்த்ததும் உண்டு. "மெஷின் பொய் சொல்லாதுன்னு கிராணியே சொல்லிட்டாரு" என்றார். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

நீங்கள் சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ வேண்டாம். பெரட்டுக் களத்தில் சொல்லுங்கள். விடியற்காலை எல்லாரையும் நிற்கவைத்து முப்பது வருடம் பேர் கூப்பிட்டீர்களே, அதே இடத்தில். பதினாலாம் நம்பர் ஆட்கள் மிச்சம் இருப்பவர்களை வரச்சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பழைய கிராணி சொன்னால்தான் நம்புவார்கள். அதுதான் எனக்கு எரிச்சல், ஆனால் அப்படித்தான்.

முடியாது என்றால் எழுதிவிடுங்கள். தெரிந்துகொள்வேன்.

அம்சவள்ளி


குவாலா சிலாங்கூர்
9.6.1986

அன்புள்ள அம்சவள்ளி,

ஆறு வாரம் பதில் இல்லாததற்கு என்ன பொருள் கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். இரண்டு தடவை பஸ்சில் பத்தாங் பெர்ஜுந்தாய் வரை போனேன். முதல் தடவை சந்தியில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை தோட்டத்து முகப்பு வரை நடந்து திரும்பினேன். மூன்றாம் தடவை தனபாலனைப் பார்த்து அனுமதி கேட்டேன். அவர், "வேணுமா ஐயா, இந்த வயசில?" என்றார். வேணும் என்றேன்.

ஸ்டோரில் 1969-இன் பழைய பெயர்ப் பதிவு கிடைத்தது. கரையான் ஓரத்தைத்தான் தின்றிருந்தது. பெயர்கள் இருந்தன.

போன வெள்ளிக்கிழமை பெரட்டு. இன்று வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பக்கம் நின்றார்கள். பழைய ஆட்கள் மரத்தடியில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும், பதினாலாம் நம்பரில் மரம் சீவிய இராஜம்மா, "என்னாங்க கிராணி, ரிட்டையர் ஆயியும் பேர் போட வந்துட்டீங்களா? இன்னிக்கி லேட்டு லா, அரைப் பேருதான், பாதிச் சம்பளந்தான்!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதனால் இன்னும் கஷ்டமாயிற்று.

எப்படித் தொடங்குவது என்று நான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. வாய்க்குத் தெரிந்ததையே செய்தேன். பதிவைத் திறந்து பதினாலாம் நம்பர் பேர்களைக் கூப்பிட்டேன். முதல் பெயருக்குப் பதில் இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவர் "செத்துட்டாருங்க" என்றார். இரண்டாம் பெயர், ஊருக்குப் போனவர். மூன்றாவது இராஜம்மா, "இருக்கேன்" என்றார். சிரிப்பு அடங்கிவிட்டது. முப்பத்தெட்டும் கூப்பிட்டேன். ஒன்பது பேர் இருந்தார்கள். கடைசிப் பெயர் ஐயாவு. "இருக்கேன்" என்ற குரல் மட்டும் வந்தது. அவருக்குக் கண் மங்கிவிட்டது, பேரன் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றார்.

பிறகு சொன்னேன். பூஜ்யம் போட்டதைச் சொன்னேன். உங்கள் கடிதம் வந்ததையும், நான் எழுதிய பதிலையும், தெரிந்தே எழுதினேன் என்பதையும் சொன்னேன். நாற்காலியில் இருந்தபடி அவருக்குச் சொன்னது பொய் என்றும் சொன்னேன். ஒருவரும் திட்டவில்லை. திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

இராஜம்மாதான் முதலில் பேசினார். "அப்ப எங்க மரம் நல்ல மரந்தானா?"

"நல்ல மரந்தான். தோட்டத்திலேயே முதல்" என்றேன்.

அவர் சேலை முனையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

உங்கள் தந்தை பேரனை முன்னால் நடத்திக்கொண்டு கிட்ட வந்தார். "எம் மவ ஒன்னக் கேட்டுச்சா?" என்றார். என்னை அவர் ஒருமையில் அழைத்தது இதுவே முதல் தடவை.

"கேட்டவ. கடிதம் எழுதிக் கேட்டவ. நான்தான் பொய் சொன்னனான்."

"கேட்டுச்சா" என்று திரும்பவும் சொன்னார். பிறகு, "சுங்கை பெசாருக்கு எத்தன பஸ் மாறணும்?" என்றார்.

குவாலா சிலாங்கூரில் ஒரு தடவை மாறினால் போதும் என்றேன். நானும் கூட வருகிறேன் என்றேன்.

"நீ வேணாம்" என்றார்.

மலருக்குக் கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். உங்கள் பெயரை என்ன செய்யட்டும்? நீங்கள் சொல்லும்வரை அச்சுக்குப் போகாது.

கார்த்திகேசு


சுங்கை பெசார்
30.6.1986

ஐயா,

அப்பா வந்தார். கடை வாசலில் நின்று, "இதான் சேது கடையா?" என்று என்னிடமே கேட்டார். பேரன்தான், "தாத்தா, அத்தைதான் நிக்கிறாங்க" என்றான். நான்கு நாள் தங்கினார்.

இரண்டாம் நாள், "அந்தப் பொட்டிக்கு எழுதுனத எடுத்துட்டு வா" என்றார். எடுத்து மடியில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நீ கேட்டது இதுல எந்த எடத்துல இருக்கு?" என்றார். இதில் இல்லையப்பா, அது கடிதத்தில் கேட்டது என்றேன். "ஏன், இதுலயே கேக்கச் சொல்ல முடியாதா?" என்றார்.

முடியும். பத்து நாள் சேர்ந்தாற்போல் பூஜ்யம் வந்தால் நின்று கேள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் விசாரணையில் அந்தக் கேள்வி மெஷின் தாளிலேயே அச்சாகி இருந்திருக்கும். வருடக்கணக்காகத் தேடிய என் பிழை கிடைத்துவிட்டது. சின்னதுதான், ஆனால் என்னுடையது. அன்று ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன்.

மலரில் என் பெயர் இருக்கட்டும். மிஸ் ஓங், கங்கா பெயர்களின் எழுத்துகளையும் சரிபார்த்துப் போடுங்கள்.

மார்ச் மாதக் கடிதத்தில் மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு இதுவரை நான் பதில் எழுதவில்லை என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பெரட்டுக் களத்தில் நின்று சொன்னீர்கள், அதையும் நான் மறக்கவில்லை. அப்பாவின் பதினாறு வருடத்தையும் மறக்கவில்லை. அந்தக் கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாகவே விடுகிறேன்.

தயவுசெய்து அதில் நீங்களாகப் பூஜ்யம் போட்டுவிடாதீர்கள்.

அம்சவள்ளி